ஆறரை மணிக்கு எண்ணிய பறவைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அந்த முழங்காலும் டீக்கடைப் பக்கம் போகும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் தலைவலி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் தினமும் கண் விழிக்கிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் இந்தப் பக்கம் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அந்தப் பக்கம் குட்டி பிடுங்கிக்கொள்கிறாள், தாத்தாவும் பேத்தியும் மாறி மாறி நாய் மாதிரி குரைத்து முடிப்பதற்குள் உனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது. எனக்கு ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை யாரும் குறுக்கே வராமல் சொல்ல வேண்டும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பேப்பரில் வந்த என் படத்தை உனக்கு அனுப்பினேன் அல்லவா, கழுத்தில் பைனாகுலர், தலையில் அப்பாவின் தொப்பி, கீழே கடற்கரையில் 1,260 பறவைகள் என்று கொட்டை எழுத்து. நீயும் கலக்கிட்டம்மா என்று பதில் போட்டு ஆபீஸில் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னாய். அந்த எண் தப்பு. தப்பு பேப்பர்காரர்கள் மேல் இல்லை, என் மேல். தொப்பி நன்றாக இருந்தது என்று நீ சொன்னது மட்டும் சரி.

விவரமாகச் சொல்கிறேன். ரிட்டயர் ஆனபிறகு நானும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கிற குழுவோடு போகிறோம் என்பது உனக்குத் தெரியும். கொக்கு சார்தான் எங்கள் தலைவர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர், ஆறடிக்கு மேல் உயரம், ஒட்டிய கன்னம், கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாரானால் பக்கத்தில் நிற்கும் நிஜக் கொக்கே கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும். தெற்கே குளிர்காலம் கழித்த உள்ளான் பறவைகள் வடக்கே முட்டை வைக்கப் போகும் வழியில் நம் துறைமுகத்துச் சேற்றில் இரண்டு மூன்று வாரம் இறங்கித் தின்று கொழுத்துவிட்டுப் போகும். வரும்போது சாம்பல் நிறம், போகும்போது செங்கல் நிறம், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வழியிலேயே உடை மாற்றிக்கொள்கிற மாதிரி. உன் அப்பா மட்டும் இன்றுவரை எல்லாம் ஒரே பறவைதான், வேற வேற மூட்ல இருக்கு என்கிறார். அத்தனை வருஷம் பஸ் ஓட்டியபோது கண்ணிமைக்காத மனுஷன் இப்போது மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்த மறுநிமிஷம் தூங்கிவிடுகிறார், பிளாஸ்க்கை மட்டும் ஸ்டியரிங் மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்.

அந்தச் சேற்றில் கல் கொட்டிக் கப்பலில் போகிறவர்களுக்குக் கார் நிறுத்தும் இடம் கட்டப்போகிறார்கள். ஆயிரம் பறவைக்கு மேல் இறங்கியிருந்தால் அவை கிளம்பும்வரை அங்கே கை வைக்கக்கூடாது என்று துறைமுக ஆபீஸில் ஒரு விதி இருக்கிறது. அதனால் இந்த வருஷ எண்ணிக்கை எங்களுக்குப் பரீட்சை மாதிரி. எண்ணுவது இரண்டு பேர். நான் உடைந்த படகுத்துறையில் நின்று இந்தப் பக்கச் சேற்றை எண்ண வேண்டும், அப்பாவுக்கு முடி வெட்டுகிற சலூன்காரர் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் கல்மேட்டை எண்ண வேண்டும். நடுவில் ஃபேக்டரி மறைப்பதால் ஒருவர் பக்கம் மற்றவருக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டு பேரும் சரியாக ஏழு மணிக்கு எண்ண வேண்டும் என்று கொக்கு சார் தாளில் அச்சடித்தே கொடுத்திருந்தார், அதை மூன்று முறை படித்தும் காட்டினார்.

இங்கேதான் உன் அம்மா கோட்டை விட்டாள். படகுத்துறை டீக்கடையில் ஏழு மணிக்கு அடுப்பிலிருந்து சூடாகப் பன் வரும், ஏழேகாலுக்குத் தட்டு காலி. அதற்கு முந்தின இரண்டு ஞாயிறும் எண்ணிக்கொண்டே இருந்து பன்னைக் கோட்டைவிட்டேன், அப்பா மட்டும் வாங்கித் தின்றுவிட்டுச் சட்டையில் தூளோடு வந்து நின்றார். ஆகவே அன்றைக்கு ஆறரைக்கே எண்ணிவிட்டேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் மாத்திரையைத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளியவள் நான், பறவையையும் அப்படியே கண்ணால் ஐந்தைந்தாகத் தள்ளுவேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் தடவை எண்ணினேன், அதே அறுநூற்றுப் பன்னிரண்டு. அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு உடம்பெல்லாம் செங்கல் நிறம், ஒரு இறக்கை மட்டும் சுவரில் ஈரப் பெயிண்டில் உரசிவிட்ட மாதிரி வெள்ளை வெளேர், அதற்குப் பெயிண்டர் என்று பெயரும் வைத்தேன். பத்து நிமிஷத்தில் கடல் ஏறிச் சேற்றை மூடியது, மொத்தக் கூட்டமும் எழும்பி ஃபேக்டரிக்கு மேலே போய் மறைந்தது, சரி, வடக்கே கிளம்பிவிட்டன என்று கையசைத்துவிட்டுத் தாளில் நேரம் என்ற இடத்தில் ஏழு மணி என்று எழுதிவிட்டு வரிசையில் போய் நின்றேன். பன் அருமையாக இருந்தது, அதையும் மறைப்பானேன்.

சலூன்காரர் கல்மேட்டில் அறுநூற்று நாற்பத்தெட்டு எண்ணியிருந்தார். கூட்டினால் ஆயிரத்து இருநூற்று அறுபது. கொக்கு சார் ஒரு காலில் குதித்தார். ஆபீஸிலிருந்து வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது, பேப்பரில் படம் வந்தது, கேக் வெட்டினோம். பழைய ஆஸ்பத்திரி ஆட்கள் போன் செய்து, நீங்க எண்ணினா எண்ணினதுதான் என்றார்கள். உன் அம்மாவுக்கு அந்த வாரம் கால் தரையில் படவில்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சலூன்ல ஒரு கதை கேட்டேன் என்று சிரித்துக்கொண்டே வந்தார். எண்ணின அன்னிக்குக் கல்மேட்டுல ஒரு பறவைக்கு ஒரு பக்க இறக்கையில மட்டும் ஷேவிங் நுரை தடவின மாதிரி இருந்துச்சாம், அவரோட தொழில் அவரை விடுமா பாரு என்றார். என் கத்தி நின்றுவிட்டது. பெயிண்டர் என் பக்கத்துக் கணக்கிலும் இருந்தது, ஏழு மணிக்கு அவர் பக்கத்துக் கணக்கிலும் இருந்தது. என் அறுநூற்றுப் பன்னிரண்டும் எங்கும் போகவில்லை, ஃபேக்டரியைத் தாண்டி அவர் முன்னால் போய் இறங்கியிருக்கின்றன, அவர் நியாயமாக ஏழு மணிக்கு அவற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். ஆக மொத்தப் பறவையே அறுநூற்று நாற்பத்தெட்டுதான். மீதி எல்லாம் நான் தின்ற பன்.

அப்பாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். வெளியே கொக்கு சாரிடமும் சலூன்காரரிடமும் மட்டும் சொன்னேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, இது யாருக்கும் தெரியாதேம்மா, கல்லைக் கொட்டிட்டா அப்புறம் பறவை எங்க போகும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது உயிர். சலூன்காரரோ, நீங்களும் நானும் வாயைத் திறக்காட்டிப் பெயிண்டரா போய்ச் சாட்சி சொல்லப் போகுது என்று கேட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பறவைக்கு நல்லதுதானே, எண் கொஞ்சம் கூடினால் என்ன என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். உண்மையைச் சொன்னால் பறவைக்கு என்ன ஆகும் என்ற கவலை பாதி, என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு போய்ச் சொல்வது என்ற வெட்கம் பாதி. இரண்டாவது பாதிதான் கனம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா டீவியை அணைத்துவிட்டு, ஏழாங்கிளாஸ்ல நம்ம பொண்ணைத் திருப்பி அனுப்பினியே என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிளாஸ்க்கை ஏன் கழுவவில்லை என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன், பாவம், அன்றைக்குக் கழுவித்தான் வைத்திருந்தார்.

உனக்கு நினைவிருக்கும், இல்லாமலா இருக்கும். கணக்குப் பேப்பரில் டீச்சர் கூட்டலில் பத்து மதிப்பெண் அதிகமாகப் போட்டு நீ வகுப்பில் முதலாக வந்தாய், பரிசு என்று ஒரு பேட்மிண்டன் மட்டை கொடுத்தார்கள், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். நான்தான் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மறுபடி கூட்டினேன். மறுநாள் காலையில் மட்டையையும் பேப்பரையும் உன் கையில் கொடுத்து, போய் நீயே சொல்லு என்று உள்ளே அனுப்பிவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். நீ வெறுங்கையோடு வெளியே வந்தாய். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் எத்தனை வருஷம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் பொண்ணு எப்படிப்பட்டவ தெரியுமா என்று அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நான் ஆரம்பித்ததுமே நீ எழுந்து உள் அறைக்குப் போய்விடுவாய். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை துறைமுக ஆபீஸுக்குப் போனோம். நீங்க வெளியிலயே இருங்க, ரெண்டு நிமிஷம் என்று அப்பாவிடம் சொன்னேன். என் பேச்சைத் தட்டாத மனுஷன் அன்றைக்கு மட்டும் காது கேட்காதவர் மாதிரி என் பின்னாலேயே உள்ளே வந்து, எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரி ஒரு அம்மாள், என் வயதுக்குப் பத்துப் பதினைந்து குறைவு. எண்ணிக்கை தப்பு, நான் அரைமணி முன்னாடியே எண்ணிட்டு ஏழுன்னு எழுதிட்டேன் என்றேன். ஏன் முன்னாடி எண்ணினீங்க என்று அவர் பேனாவோடு காத்திருந்தார். பன் வாங்க என்றேன். அப்பா உடனே, ரெண்டு பன் மேடம், ஒண்ணு எனக்கு என்றார். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கக் குனிந்து எதையோ தேடினார். எண்ணைக் கூட்டச் சொல்லித்தான் இங்க வருவாங்க, குறைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை என்றார். வரும் ஞாயிறு தானே வருவதாகச் சொன்னார்.

வந்தார். புதுச் செருப்போடு சேற்றில் இறங்கி நின்றார். ஏழு மணிக்குக் கொக்கு சார் விசில் ஊத, நானும் சலூன்காரரும் ஒரே நேரத்தில் எண்ணினோம், ஆபீஸ் ஆள் ஒவ்வொரு பக்கமும் கூட நின்று எண்ணினார். அந்த வாரம் இன்னும் கொஞ்சம் பறவை வந்திருந்தது, தொள்ளாயிரத்துப் பதினேழு. ஆயிரம் இல்லை. அந்த அம்மாள் ரொம்ப நேரம் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. விதிப்படி உங்களுக்கு உதவ முடியாது, ஆனா வேலையை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கணும்னு விதி எதுவும் சொல்லலையே என்றார். இப்போது பறவை இறங்காத கோடவுன் பக்கமிருந்து கல் கொட்டுகிறார்கள், சேற்றுக்கு வர ஒரு மாதமாகும், அதற்குள் எல்லாம் கிளம்பிவிடும். அடுத்த வருஷம் சேறு இருக்குமா என்று கேட்காதே, எங்களுக்கே தெரியாது. ஆறு மாதத்தில் துறைமுக ஆபீஸில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, போவோம், பேசுவோம். கொக்கு சார் என்னோடு முன்போலவே பேசுகிறார், ஆனால் இனி எண்ணும் நாளில் எனக்கு ஒரு பன்னை எடுத்துவைக்கச் சொல்லி டீக்கடையில் முன்பணமே கொடுத்துவிட்டார்.

இவ்வளவும் ஊர்க்கதை. உனக்குச் சொல்ல வந்தது இதுதான். அன்றைக்கு உன்னை அனுப்பியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆபீஸ் நாற்காலியில், இத்தனை வயதில், பக்கத்தில் அப்பா இருந்தும் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. உனக்குப் பன்னிரண்டு வயது. உன்னைத் தனியாக உள்ளே தள்ளிவிட்டு வெளியே சைக்கிள்களோடு நின்றேன். கூட வந்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. மன்னித்துக்கொள்ளடி கண்ணே. அந்தக் கதையை இனி யாரிடமும் சொல்ல மாட்டேன், பன் கதையைத்தான் சொல்வேன்.

பெயிண்டர் வியாழக்கிழமை காலை கிளம்பிவிட்டது. வடக்கே உன் ஊர்ப் பக்கமாகத்தான் வழி என்கிறார் கொக்கு சார். குட்டியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போ, அவளுக்குக் காதை மூடும் தொப்பி போடு, எண்ண வேண்டாம், சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். மாப்பிள்ளையிடம் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக நீண்ட நாள் இருக்க வேண்டும். கண் டாக்டரைப் பார்க்கிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமே போய் வா, போனதும் எழுது. குட்டிக்கு முத்தம். அப்பா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார், லொள் லொள்.

இந்த முறை உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
அம்மா