கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்த பிள்ளை

குவைத்
ஞாயிறு

அன்புள்ள டிலுக்ஷி அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? இந்த மழையிலும் ரப்பர் பால் வெட்டப் போகிறீர்களா? போனில் பேசினால் அழுதுவிடுகிறேன். அதனால் யட்டியாந்தோட்டைக்குத் திரும்பும் தெரேசம்மா அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை இந்த வீட்டுப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். விளையாட ஆள் போதாது என்று என்னையும் இழுத்தார்கள். என் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டார்கள். தடுமாறி ஓடி ஒரு பிள்ளையைப் பிடித்தேன். கையில் இரட்டைப் பின்னலும் வியர்த்த கழுத்தும் பட்டன.

"அடியே டிலுக்ஷி, மாட்டிக்கிட்டியா!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிடிபட்ட மர்யம் மட்டும், "டிலுக்ஷி யார்?" என்று கேட்டாள். "என் மகள்" என்றேன். கண்கட்டை அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். பிறகு இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினோம், கவலைப்படாதீர்கள்.

மர்யத்துக்கும் ஒன்பது வயதுதான். என் நெஞ்சு உயரம் இருக்கிறாள். நான் புறப்பட்டபோது நம் பிள்ளை என் இடுப்பு உயரம்தான். அவளை நேராக நிற்கவைத்து, உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலை அனுப்புங்கள். இங்கே சுவரில் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

மேடம் கூப்பிடுகிறார்.

செல்வமலர்