காய்ச்சல் நோட்டோடு சேர்த்து வாங்கிய நாற்பத்து மூன்று கையெழுத்துகள்

அனுப்புநர்
கோ. பூங்குழலி, பி.எஸ்சி. (வேதியியல்),
க/பெ. கோபி,
கதவு எண் 2/61, பள்ளிக்கூடத் தெரு,
வெண்ணாம்பேடு ஊராட்சி, மாதனூர் வழி,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
மாதனூர்.

பொருள்: வெண்ணாம்பேடு ஊராட்சி – 2022-23ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் – அங்கன்வாடிக் கட்டடத்தைக் கிருமிநாசினிக் கிடங்காக மாற்றும் தீர்மானம் – அதில் உள்ள என் கையெழுத்து உட்பட 43 பெண்களின் கையெழுத்துகளைச் சம்மதமாக ஏற்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஊராட்சித் தீர்மானம் எண் 7, நாள் 27.01.2022.
2. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்ட அறிவிப்பு, நாள் 28.02.2022.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆட்சேபணை தெரிவிக்க அறிவிப்பில் கொடுத்திருந்த பத்து நாள் கெடு இம்மாதம் 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். தாமதத்துக்கு வேலையைக் காரணம் காட்டலாம், குழந்தையைக் காரணம் காட்டலாம். உண்மையான காரணம் வெட்கம். நான் எதிர்த்து எழுதும் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

1. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் செக்கிங் வேலை செய்கிறேன். எங்கள் ஊரிலிருந்து என்னையும் சேர்த்து நாற்பத்து மூன்று பெண்கள் அதே கம்பெனிக்குப் போகிறோம். காலை 6.45க்குத் தண்ணீர்த் தொட்டி அருகே கம்பெனி பஸ் வரும். முதல் ஊரடங்கு முடிந்து வேலை மறுபடி தொடங்கிய நாளிலிருந்து, பஸ்ஸில் ஏறும் முன் ஒவ்வொருவருக்கும் நெற்றியில் காய்ச்சல் பார்த்து, அளவை ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி, எதிரே அவரவர் கையெழுத்தை வாங்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. டிகிரி படித்தவள் என்பதால் காய்ச்சல் பார்க்கும் கருவியையும் நோட்டையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். காய்ச்சல் நோட்டு என்றே அதற்கு ஊரில் பேராகிவிட்டது. பக்கத்துத் தெரு ஜஹீதா அக்கா தினமும் நெற்றியைக் காட்டி, “சுடுடி சீக்கிரம், சம்பள தேதி வரைக்கும் உசிரு இருந்தா போதும்” என்பார். ஒன்றரை வருடத்துக்கு மேலாக அந்த நோட்டை யாரும் படித்துப் பார்த்ததில்லை. வரிசையில் வந்து, நெற்றியைக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு, ஓடிப்போய் இடம் பிடிப்பார்கள். பேனா பிடித்த கை தானாகவே எழுதிவிடும்.

2. கொரோனா மறுபடி பரவியதால் இந்த ஜனவரி 26ஆம் தேதி கிராம சபை நடக்கவில்லை. மறுநாள் 27ஆம் தேதி வியாழக்கிழமை, காலை 6.35 மணி இருக்கும், ஊராட்சி செயலர் திரு. சின்னசாமி அவர்கள் வண்டியில் வந்து இன்னொரு நோட்டை என் கையில் கொடுத்தார். “பாப்பா, கூட்டம் போடக் கூடாதுன்னுட்டாங்க. கொரோனா சம்பந்தமா பஞ்சாயத்துல ஒரு தீர்மானம் ஆவணும். அப்படியே இதுலயும் கையெழுத்து வாங்கிக் குடுத்துடு, நான் எங்க வூடு வூடா ஏறி எறங்கறது” என்றார். அதைக் காய்ச்சல் நோட்டின் மேல் வைத்து நான்தான் முதலில் போட்டேன். திறந்திருந்த பக்கத்தில் வரிசை எண்கள் மட்டும் இருந்தன. ஒரு தாளைப் பின்னால் புரட்டியிருந்தால் தீர்மானம் இருந்திருக்கும். நான் புரட்டவில்லை. “இன்னா இது, இன்னிக்கு ரெண்டு நோட்டு?” என்று கேட்டவர்களிடம், “கம்பெனிக்கு ஒண்ணு, பஞ்சாயத்துக்கு ஒண்ணு, போடுங்க, டிரைவர் ஹார்ன் அடிக்கிறாரு” என்று சொன்னவளும் நான்தான். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

3. பிப்ரவரி மாதம் அங்கன்வாடிகள் திறக்கப் போவதாகச் செய்தி வந்தது. என் மகள் ஓவியாவுக்கு மூன்று வயது மூன்று மாதம். ஊரடங்கு போட்டபோது அவளுக்குப் பதினைந்து மாதம். அங்கன்வாடியின் உள்பக்கத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. சிலேட்டு, தட்டு, மாற்றுத் துணி எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். அங்கன்வாடிப் பணியாளர் வள்ளியம்மாள் அவர்களிடம் சேர்க்கை பற்றிக் கேட்டபோது, “உனக்குத் தெரியாதா? இந்தக் கட்டடம் இனிமே குடோனு. நம்ம புள்ளைங்கள எல்லாம் காரைக்குட்டை சென்டருக்கு மாத்திட்டாங்க” என்றார். நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பலகையில் வரவு செலவுத் திட்டம் ஒட்டியிருந்தது. அங்கன்வாடி ஓடு மாற்றவும் கழிப்பறை கட்டவும் முந்தைய ஆண்டில் இருந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டு, கிடங்குக்கு ஷட்டர் கதவும் இரும்பு அலமாரியும் வாங்கச் சேர்க்கப்பட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில், “கடந்த இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகள் வருகை இல்லாததாலும், தாய்மார்கள் ஒருமனதாகச் சம்மதித்ததாலும்” என்று எழுதியிருந்தது.

இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகள் வராதது உண்மை. வரக் கூடாது என்று அரசு மூடி வைத்திருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் சத்துமாவும் முட்டையும் வீட்டுக்கே வந்தன. நாங்கள் வாங்கிக்கொண்டு, கட்டடம் திறக்கும் நாளை எதிர்பார்த்திருந்தோம்.

4. தீர்மானத்தில், 27.01.2022 அன்று காலை 11 மணிக்குப் பள்ளி மைதானத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்து 104 பேர் கூடியதாக உள்ளது. எங்கள் ஊராட்சிக்குக் குறைந்தது நூறு பேர் வர வேண்டும் என்று சொல்கிறார்கள். அந்த 11 மணிக்கு நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் ஆம்பூரில் வேலையில் இருந்தோம். கம்பெனியின் வருகைப் பதிவு நகலை இணைத்துள்ளேன். மீதி அறுபத்தொரு பேர் எங்கே கையெழுத்திட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத விரும்பவில்லை.

செயலரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நீயே வாங்கிக் குடுத்துட்டு நீயே வந்து கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?” என்றார்.

5. திரு. சின்னசாமி அவர்கள் மீது நடவடிக்கை எடுக்க நான் கேட்கவில்லை. கொரோனா சம்பந்தமான தீர்மானம் என்றார்; பிளீச்சிங் பவுடர் வைக்க இடம் என்பதும் கொரோனா சம்பந்தம்தான். 2021 மே மாதம் என் மாமனார் ஆஸ்பத்திரியில் காலமானார். உடல் ஊருக்கு வரவில்லை. எங்கள் தெருவில் கால் வைக்கவே ஆட்கள் பயந்த நேரத்தில், தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு தனி ஆளாக வந்து வாசலிலும் கொல்லையிலும் மருந்து அடித்தவர் அவர்தான். போகும்போது ஜன்னல் வழியாக, “புள்ளைக்குப் பால் இருக்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதை மறந்துவிட்டு இந்த மனுவை எழுத என்னால் முடியாது. மருந்துக்கும் தெளிப்பானுக்கும் ஊரில் ஓர் இடம் வேண்டும். அது குழந்தைகளின் இடமாக இருக்க வேண்டாம் என்பதுதான் என் முறையீடு. பழைய நெல் களத்து அறை பூட்டியே கிடக்கிறது. மேலும், பிளீச்சிங் பவுடரை அடைத்து வைத்த அறையில் அதன் வாயு தங்கும், ஜன்னல் கம்பி வரை அரித்துவிடும். மூட்டைகளை ஏற்கெனவே அங்கே அடுக்கிவிட்டதால் அங்கன்வாடி ஜன்னலில் அரிப்பு தொடங்கிவிட்டது. இப்போதே காலி செய்து, கழுவி, காற்றோட்டமாக விட்டால் குழந்தைகளை உட்கார வைக்கலாம். இன்னும் ஒரு வருடம் போனால் முடியுமா என்று தெரியவில்லை.

6. காரைக்குட்டை இரண்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். நடுவில் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. சுரங்கப்பாதை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் எல்லோரும் ரோட்டைக் குறுக்கேதான் கடக்கிறார்கள். இம்மாதம் 12ஆம் தேதி லீவு போட்டுவிட்டு ஓவியாவை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாதி ரோடு கடந்து நடுத்திட்டில் ஏறி நின்றோம். ஒரு கன்டெய்னர் போன காற்றில் அவள் தலைத்துண்டு பறந்து ரோட்டில் விழுந்தது. அதை எடுக்க அவள் குனிந்து இறங்கினாள். நான் பிடித்த வேகத்தில் அவள் கை மணிக்கட்டில் வீங்கி, மூன்று நாள் மஞ்சள் பற்றுப் போட்டோம். அன்று நாங்கள் காரைக்குட்டைக்குப் போகவில்லை. நடுத்திட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்த வழியே திரும்பினோம். ஒரு கையால் ஒரு குழந்தையைப் பிடித்திருந்த நானே இப்படி என்றால், எங்கள் ஊரிலிருந்து போக வேண்டிய பதினேழு குழந்தைகளை யார் தினமும் கடக்க வைப்பது? வள்ளியம்மாள் அவர்களும், “எனக்கு இருக்கறது ரெண்டே கைம்மா, நான் மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

7. இதுவரை ஓவியாவையும் இன்னும் இரண்டு குழந்தைகளையும் அங்கன்வாடிக்கு எதிர்வீட்டு அக்தரி பேகம் அவர்கள் பார்த்துக்கொண்டார். அங்கன்வாடி திறந்த பிறகு, காலை ஆறரைக்கு அவர் வீட்டில் விட்டால், பத்து மணிக்குத் தெருவைக் கடந்து அங்கன்வாடியில் விட்டுவிடுவார் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. போன வாரம் மகள் பிரசவத்துக்காக அவர் பேர்ணாம்பட்டு போய்விட்டார். திரும்ப மூன்று மாதம் ஆகும். “எதுத்தாப்புல சென்டர் தெறந்திருந்தா வள்ளிகிட்ட சொல்லிட்டுப் போயிருப்பேன். இப்ப எனக்கே பேஜாரா இருக்குது” என்று வீட்டைப் பூட்டும்போது கலங்கினார். என் கணவர் பெங்களூரு லாரியில் ஓடுகிறார், வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருப்பார். ஆறு நாட்களாக நான் வேலைக்குப் போகவில்லை. இம்மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் போன் செய்தார். மற்ற இரண்டு குழந்தைகளின் தாய்மார்களுக்கும் இதே நிலைதான். ஒருவர் தன் ஏழு வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்க்க வைத்திருக்கிறார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

8. விஷயம் தெரிந்ததும் பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன். ஜஹீதா அக்கா, “உன் மூஞ்சியப் பாத்துதானடி போட்டேன், நோட்டையா பாத்தேன்?” என்றார். அடுத்த நாளிலிருந்து காய்ச்சல் நோட்டை ஒவ்வொருவரும் வாங்கிப் புரட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்தவர்களிடம் நீட்டி, “இவ இன்னா எழுதியிருக்கா, சொல்லு” என்றார்கள். பஸ் தினமும் பத்து நிமிடம் தாமதம். டிரைவர் என்னைத் திட்டினார். அவர்கள் செய்வது சரி என்பதால் நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

9. இத்துடன் உள்ள கூட்டு வாக்குமூலத்தில் முப்பத்தொன்பது பேர் கையெழுத்திட்டுள்ளோம். ஒருவர் கணியம்பாடிக்கு வாழப் போய்விட்டார். மூன்று பேர், சொல்வது நியாயம்தான், ஆனால் இனி எந்தத் தாளிலும் கை வைக்க மாட்டோம் என்றார்கள். நான் வற்புறுத்தவில்லை. அந்த மூன்று பேருடைய குழந்தைகளும் இதே அங்கன்வாடிக்குத்தான் வர வேண்டும் என்பதைத் தாங்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே ஐயா, மேற்படி தீர்மானம் எண் 7இல் எங்கள் கையெழுத்துகளைச் சம்மதமாகக் கொள்ளாமல், வரவு செலவுத் திட்டம் இம்மாதம் 31ஆம் தேதி இறுதியாவதற்குள் நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். வரும் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிராம சபையை முறையாகக் கூட்டினால், கம்பெனி விடுமுறை என்பதால் நாங்கள் அனைவரும் முகக்கவசத்தோடு வந்து, எதற்குச் சம்மதம், எதற்குச் சம்மதமில்லை என்பதை எங்கள் வாயாலேயே சொல்வோம். தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கும்படி உத்தரவிடவும் கோருகிறேன். அதுவரை அங்கன்வாடிக் கட்டடத்தில் ஷட்டர் போடும் வேலையைத் தொடங்காமல் தடுத்து, ஓர் அறையையாவது காலி செய்து திறந்துவிட ஆவன செய்ய வேண்டும். கழுவித் தரும் வேலையை நாங்களே செய்துகொள்கிறோம், ஊராட்சிக்குச் செலவு வைக்க மாட்டோம்.

படிக்காமல் கையெழுத்திட்டதும், மற்றவர்களைப் போட வைத்ததும் என் தவறு. அதற்கு என்ன விளக்கம் கேட்டாலும் எழுதித் தருகிறேன். என் தவறுக்குப் பதினேழு குழந்தைகள் ரோடு கடக்க வேண்டாம்.

விசாரணைக்கு எந்த நாள், எந்த நேரம் அழைத்தாலும் வருகிறேன். வரும்போது ஓவியாவையும் தூக்கிக்கொண்டுதான் வருவேன். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், தங்கள் அலுவலகத்துக்குச் சிரமமாக இருக்கலாம். அவளை விட்டுவிட்டு வர இப்போது எங்கள் ஊரில் இடம் இல்லை. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இடம்: வெண்ணாம்பேடு
நாள்: 21.03.2022

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) கோ. பூங்குழலி

இணைப்பு:
1. 39 பெண்களின் கூட்டு வாக்குமூலம் (ஒவ்வொருவருக்கும் முழுதாகப் படித்துக் காட்டப்பட்டது).
2. கம்பெனி வருகைப் பதிவு நகல், 27.01.2022.
3. அங்கன்வாடி ஜன்னல் கம்பியின் புகைப்படங்கள் – இரண்டு.

நகல்: ஊராட்சி செயலர், வெண்ணாம்பேடு – நேரில் கொடுக்கப்பட்டது.