மணிக்கயிறும் நூற்றிருபது அடிக் கோபுரமும்

1934 பிப்ரவரி 12, திங்கள்

காலையில் பழங்கஞ்சி, சுட்ட கருவாடு. கோயில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பும் சன்னல்களுக்குப் பெயிண்டும் அடிக்கும் கண்டிராக்ட் எனக்கே வந்தது. ஈஸ்டருக்குள் முடிக்க வேண்டும். போட்டிக்கு நாலு பேர் வந்தார்கள். ராஜையன் மேஸ்திரி என்ற பெயரைக் கேட்டதுமே எழுந்து போய்விட்டார்கள். (இரண்டு பேர். ஒருவனுக்குக் காய்ச்சல்.)

கோபுரம் நூறு அடி இருக்கும்.

சபைக் கமிட்டியில் சத்தியநேசன் என்று ஒருவர். மராமத்தில் ஓவர்சியராக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் மூன்று கண்டிஷன் போட்டார். தொங்கு பலகைக்குப் புதுக் கயிறு வேண்டும். மேலே இருப்பவன் இடுப்பில் தனிக் கயிறு கட்ட வேண்டும். கீழே ஆள் நிற்கக் கூடாது. தப்பினால் அபராதம்.

"இடுப்பில கயிறு கெட்ட எனக்க மருமவன் என்ன கொரங்கா?" என்று கேட்டேன். கமிட்டியே சிரித்தது. ஓவர்சியர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனுஷனுக்குப் பல் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

மருமகன் என்றால் என் தங்கை நேசம்மாளின் ஒரே மகன் ரசலையன். பலகையில் ஏறுவது அவன். வேலை செய்வது நான். அதாவது, கீழே நின்று.

பிப்ரவரி 15

கயிறு வாங்கக் குளச்சல் போனேன். மைதீன் கனி கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கோபுரம் எத்தன அடி மேஸ்திரியாரே?"

"நூற்றிருபது." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். "அப்ப ஐந்நூறு அடியாவது வேணும். கையில அம்புட்டு இல்ல. கப்பலுக்குத்தான் அப்பிடி வாங்குவாவ. கோயில கடல்ல எறக்கப் போறியளா?"

கடையே சிரித்தது. அதற்குப் பிறகு அடியைக் குறைத்துச் சொல்ல முடியுமா? மானம் என்று ஒன்று இருக்கிறதே. சாளை மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

"கயிறு எங்க?" என்றாள் பூங்கனி.

"சொல்லி வச்சிருக்கேன்."

"மீன்காரிக்கிட்டயா?"

கட்டிய நாளிலிருந்தே இவளுக்கு வாய் இப்படி.

பிப்ரவரி 19

மூளை என்றால் என் மூளை! கோயிலிலேயே கயிறு இருக்கிறது, மணிக்கயிறு. இருபது வருஷம் அத்தனை பெரிய மணியை ஆட்டிய கயிறு ஒரு மனுஷனைத் தாங்காதா? அதை மேல் சன்னல் வழியாக வெளியே விட்டுப் பலகையைத் தொங்கவிட்டேன். உள்ளே உத்தரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். மறுமுனை மணியில் கட்டியபடியே இருக்கிறது. பழைய முடிச்சு, அவிழவில்லை. இருக்கட்டும், அதுவும் ஒரு பிடிதானே.

மணி அடிக்கும் கோயில்குட்டி செல்வதாஸ், "ஞாயித்துக்கெழம நான் எத இழுக்க?" என்று கேட்டான். ஞாயிறு வரட்டும் என்றேன்.

பிப்ரவரி 20

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுவேன்.

ரசலையன் பலகையில் உட்கார்ந்து சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை ஓங்கினான். மேலே மணி, டங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டங். பையப் பைய ஒவ்வொன்றாக அடித்தால் எங்கள் ஊரில் அது சாவுமணி. தெற்குத் தெருவே திரண்டு வந்தது. சிலர் பாதி அழுகையிலேயே வந்தார்கள், யாருக்கு என்று தெரியாமலே.

"ஆருடே செத்தது?"

"ஒருத்தரும் சாவல்ல! நான் சுண்ணாம்பு அடிக்கேன்!" என்று ரசலையன் மேலேயிருந்து கத்தினான்.

"அப்ப ஒனக்குத்தான் முன்கூட்டியே அடிக்கி மக்கா" என்று கூட்டத்தில் எவனோ சொன்னான்.

ஓவர்சியர் வந்தார். உத்தரத்தைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். ஐந்து ரூபாய் அபராதம்.

"வேய், மணி அடிச்சா கயிறு நழுவுதுன்னு அர்த்தம். புதுக் கயிறு வராம ஒருத்தனும் ஏறப்பிடாது."

ஐந்நூறு பேர் முன்னால் சொன்னார். (ஐம்பது.)

பிப்ரவரி 21

மணியின் நாக்கில் என் பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டினேன். இனி சத்தமே வராது. ஓவர்சியர் இரண்டு நாள் நாகர்கோவிலில். அவர் வருவதற்குள் தெற்குப் பக்கம் முடிந்துவிடும்.

பிப்ரவரி 23, வெள்ளி

ரசலையன் விழுந்துவிட்டான்.

நான் சாயாக்கடையில். முட்டத்தில் கப்பலுக்கு வழி காட்டும் விளக்குமாடத்தில் ஒரு கையால் தொங்கியபடி பெயிண்ட் அடித்த கதையைச் சொல்லிக்கொண்டு. செல்வதாஸ் ஓடி வந்தான்.

கயிறு நழுவியிருக்கிறது. மணி ஆடியிருக்கிறது. சத்தம் வரவில்லை. எப்பிடி வரும்? நான்தானே சவத்த துணியச் சுத்துனேன். என் கையாலதானே.

வலது கால். எலும்பு தெரிந்தது—

பிப்ரவரி 24

வர்ம ஆசான் எலும்பைச் சேர்த்துக் கட்டினார். நாற்பத்தொரு நாள் அசையக் கூடாதாம். "நடப்பானா?" என்று கேட்டேன். "கெட்டு அவுத்தபொறவு கேளும்" என்றார்.

நேசம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மணியின் நாக்கில் கட்டியிருந்த வேட்டியைக் கொண்டுவந்தாள். துவைத்துக் காயவைத்து மடித்திருந்தாள். அதை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 28

கமிட்டி கூடியது. இருபத்தைந்து ரூபாய் அபராதம். வைத்தியச் செலவும் என்னுடையது. அது போதாதென்று ஓவர்சியர் எழுந்தார்.

"வேலை முடியித வரைக்கும் தினமும் காலத்த கண்டிராக்டர்தான் மொதல்ல பலகையில ஏறணும். உச்சி வரைக்கும் போய் எறங்கணும். அதுக்குப் பொறவு மத்தவங்க."

"நான் முட்டத்துல ஒரு கையால தொங்குனவனாக்கும்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. மறு கையில சுண்ணாம்புச் சட்டியையும் பிடிச்சுக்கிடும்."

அப்போதுதான் பார்த்தேன். மனுஷனுக்குப் பல் இருக்கிறது.

மார்ச் 2

கோபுரத்தின் உள்படியில் ஏறி, மேல் சன்னலிலிருந்து நூலில் கல் கட்டி இறக்கினேன். மூன்று தடவை அளந்தேன். நாற்பத்திரண்டு அடி.

விழும்போது ரசலையன் இருந்த இடம், மூன்றாவது சன்னல் பக்கம், பதினாறு.

மத்தியானம் குளச்சல். இன்றும் கடையில் ஆள் இருந்தது.

"நாற்பத்திரண்டு" என்றேன்.

மைதீன் கனி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு நூத்தியிருபதுன்னியள?"

கோபுரம் வெயிலில் வாடிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் வந்தும் விட்டது. சொல்லவில்லை. "அன்னைக்குப் பொய் சொன்னேன்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் உள்ளே போய்ப் புதுக் கயிற்றை எடுத்து வந்து தரையில் போட்டார்.

"எரநூறு அடி. இது அன்னைக்கும் இங்கதான் கெடந்துது, மேஸ்திரியாரே."

மார்ச் 5

ஏறினேன். இறங்கினேன். நடுவில் நடந்ததை எழுதுவதாக இல்லை.

மார்ச் 6

நான் எழுதாவிட்டால் என்ன, செல்வதாஸ் ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு கீர்த்தனை பாடினேனாம், அதுவும் அடக்கத்துக்குப் பாடுகிறது. பூங்கனி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும். இன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஏறினேன். பாதி வரைக்கும்.

மார்ச் 19

மூன்றாவது சன்னலைக் கடக்கும்போது கீழே பார்த்தேன். பதினாறு அடி என்பது எவ்வளவு உயரம்!

ஏப்ரல் 1, ஈஸ்டர்

கோபுரம் பால் போல இருக்கிறது. புதுக் கயிற்றில் மணி அடித்தது. நேசம்மாள் ஆராதனைக்கு வந்திருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9, திங்கள்

ஆசான் கட்டை அவிழ்த்தார். ரசலையன் நடக்கிறான். வலது கால் ஒரு விரற்கடை குட்டை. இனி அது அப்படித்தானாம்.

கம்பை ஊன்றிக்கொண்டு என்னோடு சாயாக்கடை வரை வந்தான். எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். "எத்தன அடியில இருந்து விழுந்தே மக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். மாமாவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தானோ என்னமோ.

"எம்பது அடி இருக்கும்" என்றான்.

கடை வாயைப் பிளந்தது. நான் சாயாவைக் கீழே வைத்தேன்.

"பதினாறுதாம்லே" என்றேன். "நான் அளந்தேன்."