சம்பந்தி தந்த வேலிமரம்

கரைத்தீவு,
புத்தளம்.

அன்பு மகள் றிஷ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் அஸ்மியும் கத்தாரில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடியே இதை எழுதுகிறேன். இங்கே நான் சுகம், வாப்பாவின் முழங்கால்தான் இன்னும் மடங்கவில்லை. போனில் சொல்லியிருப்பேன், நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், மருமகன் கேட்டுக்கொண்டிருக்க அவருடைய வாப்பாவைப் பற்றி என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

புது வேலியில் உன் மாமனார் வீட்டுப் பக்கம் ஓர் ஆள் நுழைய இடம் விடச் சொல்லிக் கேட்டிருந்தாய். விடமாட்டேன் மகள். மருந்து ஏற்றிய மரம், உப்புக்காற்றுக்கும் கறையானுக்கும் அசையாது என்று சொல்லித்தான் உன் மாமனார் ஹாசிம் பழைய வேலிக்கு, மரம் விற்கும் தன் மரக்காலையில் இருந்து தூணும் குறுக்குச்சட்டமும் இறக்கினார். எனக்கு அன்றே சந்தேகம், ஒரு தூணைச் சுரண்டிப் பார்ப்போம் என்று கத்தியை எடுத்தேன், உன் வாப்பாதான், சம்பந்தி தாற மரத்தச் சுரண்டிப் பாக்கிறதா, மரியாதயில்ல என்று கையைப் பிடித்துவிட்டார். மேலே பூசிய பச்சை நிறம்தான், உள்ளே வெறும் மரம், ஒரு மாரி தாங்கவில்லை, உக்கிச் சரிந்தது. பிடுங்கும் பருவத்தில் இருந்த கச்சான் கடலையைக் கழுதைகள் உள்ளே வந்து மேய்ந்தன, விரட்டப்போன வாப்பாவை ஒன்று உதைத்தது. பார்க்க வந்த ஹாசிம் கட்டிலருகே கதிரையில் இருந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டு, நீங்க நட்டது பிழ என்றார். அந்தத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது அவருடைய மரக்காலை வாசலில் லொறி நின்றால் நான் கத்தியோடு போகிறேன். பயப்படாதே, மரத்துக்குத்தான். வாங்க வந்தவர் முன்னாலேயே செதுக்கிக் காட்டி, நிறம் உள்ளேயும் போயிருந்தால்தான் மருந்து ஏறியிருக்கிறது என்கிறேன். நாலு பேர் வெறும் லொறியோடு திரும்பிவிட்டார்கள். உன் மாமி வட்டிலப்பம் அனுப்பினாள், கழுதைகளுக்குக் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவள் பாவம், என்ன செய்வாள், ஆனாலும் அனுப்பினேன், அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

புது மரம் சிலாபத்தில் இருந்து வந்தது, ஒவ்வொரு தூணையும் சுரண்டிப் பார்த்தே ஏற்றினேன். குழிக்குள் சல்லிக்கல் போட்டு, துருப்பிடிக்காத ஆணி அடித்து, மற்றப் பக்கங்களுக்கு மூன்று சட்டம், ஹாசிம் பக்கத்துக்கு ஐந்து. இருபது வருடம் உக்காது என்று கடைக்காரர் சொன்னார். என் கோபத்துக்கு அது போதும்.

பெருநாளுக்கு வரும்போது ரோட்டால் சுற்றித்தான் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போக வேண்டும், முதலில் எந்த வாசலில் இறங்குகிறாய் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அல்லாஹ் உங்களுக்கு சாலிஹான பிள்ளையைத் தரட்டும், தொழுகையை விட்டுவிடாதே. நான் மௌத்தான பிறகு நீ அந்தச் சட்டங்களை அறுத்துப் பாதை வைப்பாய், எனக்குத் தெரியும், உன் மனசு அப்படி. வை. ஆனால் அறுத்த முனைகளில் மறக்காமல் மருந்து பூசு மகள், அங்கிருந்துதான் உக்கத் தொடங்கும்.

இப்படிக்கு,
உன் உம்மா
சுல்பா