தட்டில் வளரும் அக்கா

மெல்பர்ன்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கலோலைனே அக்காவுக்கு, ஃபூசி எழுதுவது.

இங்கே குளிர். ஞாயிறன்று சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சி பொதிந்து வேகவைத்தேன். டப்பாத் தேங்காய்ப்பால், வாயில் வைக்க முடியவில்லை. நம் தோலைச் சோதிக்கும் டாக்டரின் போனை நீ எடுப்பதே இல்லையாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மா திடீரென்று போன பிறகு நம் இருவர் கையிலும் சோதனைக்குத் துளித் தோல் எடுத்தார்களே, அந்தச் செல்கள் தனித்தனித் தட்டில் வளர்வது நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில்தான். உன்னுடையவை நீண்டு, ஒயிலாகப் பரவின. என்னுடையவை குட்டை. உடன் வேலை பார்க்கும் டேனி உன் தட்டைப் பார்த்து, "யாருப்பா இந்த அழகி?" என்றான். தட்டிலும் அழகி நீதான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இணைப்புத் திசுவின் செல்கள் தம்மைச் சுற்றி இழை இழையாக வலை நெய்கின்றன. உடம்பைத் தாங்குவது அந்த வலை. சாயமிட்டுப் பார்த்தோம். என் தட்டில் பச்சை வலை, அடர்த்தியாக. உன் தட்டில் அங்கங்கே சில இழைகள். மற்றதெல்லாம் இருட்டு.

முதல் முறையாக உன்னை ஜெயித்தேன். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆடும்போது உன் விரல்கள் அப்படிப் பின்னால் வளைவது அந்த இழை தளர்ந்ததால். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் சுவரிலும் அதே இழை. அம்மாவுக்குக் கிழிந்தது அதுதான்.

நம் ஊர்த் தேவாலய விழாவில் நீ ஆட வேண்டாம், முதலில் இதய ஸ்கேன் என்று சினிவா அத்தையிடம் போனில் சொன்னேன். "உன் வெரலு வெறகுக்கட்டைடி. அவ ஆடுனா சனம் எந்திரிச்சு வந்து எண்ணெய் பூசுன தோள்ல பணநோட்டு ஒட்டுது. அது பொறுக்கலையா ஒனக்கு? அவ இல்லன்னா நடு எடம் ஒனக்குன்னு கணக்குப் போடுறியா?" என்றாள். நம் வழக்கத்தில் அப்பாவின் அக்காவிடம் யார் எதிர்த்துப் பேசுவது? தவிர, பொறுக்கவில்லை என்பது உண்மை. சின்ன வயதிலிருந்தே பொறுத்ததில்லை.

ஆகவே விழாவுக்கு நான் வரவில்லை. என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, ஸ்கேனுக்கு நீ இங்கே வர ஒன்று எடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை. நடுவில் வேறு யாராவது ஆடட்டும்.

டாக்டர் சரி என்று சொன்னால் அடுத்த விழாவில் நீயே ஆடு. நான் பின்வரிசையில் நின்று வயிறெரிவேன். கடவுள் எனக்கு அந்த எரிச்சலை நெடுங்காலம் தரட்டும்.

உன் தங்கை,
ஃபூசி