திங்கள் முதல் வெள்ளி வரை

ஞாயிறு, பிப்ரவரி 23

சுண்டுவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் இதை எழுதி, சுண்டுவின் பையில் முன்பக்கப் பாக்கெட்டில் வைத்து அனுப்புகிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அலுவலகத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள். மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் நேரில் வர வேண்டுமாம். காலை எட்டரைக்கு ஒரு கைரேகை, மாலை ஆறுக்கு ஒரு கைரேகை. நாலு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எத்தனை கட்டடத்துக்குப் பிளான் வரைந்து கொடுத்திருக்கிறேன், ஒரு கோடு பிசகியதுண்டா? போய்க் கேட்டேன். மனிதவள அதிகாரி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, "குழந்தைய பாத்துக்கறது உங்க சொந்த விஷயம் மேடம், கம்பெனி அதுல என்ன பண்ண முடியும்?" என்றார். நாக்கு நுனி வரை பதில் வந்தது. விழுங்கிவிட்டேன். வேலை எனக்கு வேண்டும்.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் நம் பெண் பதினேழாவது. இடம் கிடைக்கும்வரை பகலில் அவளை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா? உங்கள் பல் செட் பட்டறை இப்போது வீட்டு முன்னறையிலேயே இருக்கிறது என்று சுண்டு சொன்னாள்.

கேட்க எனக்குக் கூசுகிறது. குழந்தை அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்தால் போதும் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவளே நான்தான். ஏப்ரலில் வழக்கு வரும்போதும் அதைத்தான் சொல்வேன். இது தற்காலிகம். நிபந்தனைகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

சுண்டுவின் அம்மா

---

ஞாயிறு மாலை

சுண்டுவின் அம்மாவுக்கு,

அனுப்பு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், பதினொரு நிபந்தனைகளை மூன்று தடவை. எட்டாவது நிபந்தனை ("பல் செட்டுகளைக் காட்டி அவளைப் பயமுறுத்தக் கூடாது") தேவையே இல்லை. அவற்றைக் காட்டி அவள்தான் என்னைப் பயமுறுத்துகிறாள்.

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவாக இருப்பது சுலபம். பூங்கா, ஊஞ்சல், பலூன், பொழுது போய்விடும். திங்கட்கிழமை அப்பா எப்படி இருப்பான் என்று நான் பார்த்ததே இல்லை. மெழுகு அடுப்பை உயரத்தில் மாட்டிவிட்டேன். கத்தி, அரம் எல்லாம் பூட்டுக்குள் போய்விட்டன.

கீழே மணியடி, நான் கதவைத் திறக்கிறேன். அவள் மாடி ஏறி வந்துவிடுவாள். நீ மேலே வர வேண்டியதில்லை.

சுண்டுவின் அப்பா

---

புதன், மார்ச் 5

சுண்டுவின் அம்மாவுக்கு,

இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் புரியாது.

ஒரு பெரியவரின் கீழ்த்தாடை அச்சுக்குப் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மகாராணி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அப்பா, இதுக்குக் காய்ச்சல்!" என்கிறாள். தொட்டுப் பார்த்தேன். ஆமாம், சுடுகிறது. இறுகும்போது அது சுடும், அது பதினேழு வருடமாக எனக்குத் தெரியும். தெரியும் என்பதால் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. இருவரும் அது ஆறும்வரை கையை எடுக்கவில்லை. "சரியாயிடுச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் வேலையே ஓடியது. ஆயிரம் அச்சு ஊற்றியிருப்பேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது இன்றைக்குத்தான்.

இன்னொன்று. பதினோரு மணிக்குப் பல் டாக்டர் போன் செய்தார். மணி அடித்ததுதான் தாமதம், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மேசைக்கு அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பதினெட்டு நிமிடம் பேசினேன். பதினெட்டு நிமிடமும் அசையவில்லை. குனிந்து, "ஏன்டா செல்லம் அங்க உக்காந்திருக்க?" என்றேன். "மீட்டிங் முடிஞ்சிடுச்சா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாலரை வயதுக் குழந்தை! பெரியவர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு நிமிடம் வாயை மூடமாட்டார்கள். இதை இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

சுண்டுவின் அப்பா

---

வியாழன், மார்ச் 6

சுண்டுவின் அப்பாவுக்கு,

யார் கற்றுக்கொடுத்தது என்றா கேட்கிறீர்கள்? நன்றாக இருக்கிறது. பிள்ளையை மூன்று நாள் பார்த்ததும் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிட்டதா?

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்போது அவளுக்கு இரண்டு வயது. நான் மீட்டிங்கில் இருந்தபோது பால் கேட்டு அழுதாள். "பின்னாடி என்ன சத்தம்?" என்று மேலாளர் கேட்டார். "பக்கத்து வீடு சார்" என்று நான் சொன்னேன். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீடு என்று சொன்ன என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் நான் ஹெட்போனை எடுத்ததும் தானாகவே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். எனக்கு உதவுகிறாளாம்! கேமராவை அணைத்துவிட்டு அழுதேன். அன்றைக்கும் பிளான் போய்ச் சேர்ந்தது.

அப்போது உங்கள் பட்டறை கடைவீதியில் இருந்தது. மாலை ஏழுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே என்ன சொல்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "வீட்லதான இருக்க, அப்படி என்ன களைப்பு?" ஒரு நாளா, இரண்டு நாளா? நான் உங்களைவிட்டு வந்ததற்கு ஊரில் நூறு காரணம் சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

இப்போது உங்களுக்குச் சாட்சியம் கிடைத்துவிட்டது. வக்கீலிடம் கொடுங்கள். நகல் எடுக்க மறக்க வேண்டாம்.

சுண்டுவின் அம்மா

---

வெள்ளி, மார்ச் 7

சுண்டுவின் அம்மாவுக்கு,

நகல் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

நான் குறை சொல்லி எழுதவில்லை. வாய் பிளந்து நின்று எழுதினேன். எழுதத் தெரியாதவன் எழுதினால் வியப்புகூடக் குற்றச்சாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. மன்னித்துக்கொள்.

இந்த ஐந்து நாள் என் யோக்கியதையைக் கேள். வழக்கமாக வாரத்துக்கு மூன்று செட் முடிப்பேன். இந்த வாரம் ஒன்று. அதுவும் கோணல். அவள் ஒரு மணி நேரத்தில் நாற்பது கேள்வி கேட்கிறாள், பதில் சொல்லி முடிப்பதற்குள் பாத்ரூம் வருகிறது, திரும்பி வந்தால் மெழுகு இறுகிப்போயிருக்கிறது. புதன்கிழமை சாப்பிட்டேனா என்று எனக்கே நினைவில்லை. ஐந்து நாளுக்கே இப்படி. நீ நாலு வருடம் இவளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கோடு பிசகாமல், அடுக்கடுக்காகக் கட்டடம் வரைந்திருக்கிறாய். எப்படி அம்மா? நிஜமாகவே கேட்கிறேன், எப்படி? ஒரு மனுஷியால் ஆகிற காரியமா இது?

அந்த வாக்கியத்தை நான் சொன்னது உண்மை. களைத்து நின்றவளைப் பார்த்துச் சொன்னேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இங்கே ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறேன். போன் மணி அடித்தால் முதலில் ஹலோ சொல்ல வேண்டியவள் சுண்டு. நேற்றுக் காலை எறும்புக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். இன்று போட்ட சத்தத்தில் டாக்டர் போனைக் காதிலிருந்து விலக்கியிருப்பார். அப்புறம், "யாருங்க புது அசிஸ்டென்ட்? நல்ல குரல்!" என்றார்.

சுண்டுவின் அப்பா

---

வியாழன், மார்ச் 20

சுண்டுவின் அப்பாவுக்கு,

முதலில் ஒரு புகார். நேற்று மாலை உங்கள் கடிதத்தை எடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டால், ஒரு முழுப் பல் செட் அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள். விசாரித்தால் உங்கள் அசிஸ்டென்ட், "அந்தத் தாத்தா பல்லு இன்னும் எங்கயுமே போனதில்லம்மா, அதான் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்கிறாள். டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாவம், அந்தப் பெரியவர் பத்து மணிக்கு வருவாராமே. கழுவிக் கொடுங்கள்.

அலுவலகம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருந்து பார்த்த அதே முகங்களை, அதே திரையில், இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். அடுத்த வரிசையில் இருப்பவரோடுகூட ஹெட்போனில்தான் மீட்டிங். கேட்டால் 'ஒன்றாக இருக்கும் உணர்வு' வேண்டுமாம்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. கட்டி முடித்த ஆஸ்பத்திரி ஒன்றைப் பார்க்க எங்களை அழைத்துப் போனார்கள். நுழைந்ததும் எதிரே ஒரு படிக்கட்டு. அது என் படிக்கட்டு. சுண்டு எட்டு மாதக் கைக்குழந்தை, காய்ச்சலில் என் மடியில் கிடந்தாள், நான் ஒற்றைக் கையால் வரைந்தேன். முழங்கால் வலிக்காரர்கள் வருவார்களே என்று ஒவ்வொரு படியின் உயரத்திலும் அரை அங்குலம் குறைத்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வயதான அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பி, "அட, வந்துட்டமே!" என்று மகளிடம் சொன்னார். காகிதத்தில் நான் போட்ட கோட்டின்மேல் ஒரு உயிர் நடக்கிறது! வீட்டிலேயே இருந்திருந்தால் இதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

கடைசியாக ஒரு செய்தி. காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சுண்டுவுக்கு இடம் இருக்கிறதாம். அடுத்த வெள்ளிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

சுண்டுவின் அம்மா

---

வெள்ளி, மார்ச் 21

சுண்டுவின் அம்மாவுக்கு,

பல் செட் உரியவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் சுற்றி வந்த கதையை அவரிடம் சொல்லவில்லை.

உன் படிக்கட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அரை அங்குலத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

காப்பகத்தில் இடம் கிடைத்தது நல்லது. தற்காலிகம் என்று நீ முதலிலேயே சொல்லிவிட்டாய், நானும் தலையாட்டினேன். அங்கே இருப்பவர்களிடம் சிலது சொல்லிவிடு. வாழைப்பழத்தை அவளே உரிக்க வேண்டும், வேறு யார் உரித்தாலும் அது செத்துவிட்டது என்பாள். பத்து மணிக்கு ஜன்னலுக்குப் போவாள், தபால்காரர் கையசைத்தால்தான் திரும்புவாள். தூக்கம் வந்தால் வராத மாதிரி நடிப்பாள், காதைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். படுக்கப் போடலாம்.

கோர்ட்டில் நீ எழுதிக் கொடுத்தபடியே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். வழக்கை இழுக்க எனக்கு மனமில்லை. ஒன்றரை வருடமாகக் கூடுதல் நாள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இந்த மூன்று வாரம் கேட்காமலே கிடைத்தது.

வருத்தமாக இருக்கிறது. அதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

சுண்டுவின் அப்பா

---

வெள்ளி, மார்ச் 28

சுண்டுவின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. மரியாதையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் காப்பகத்துக்குப் போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சமான அறை, குட்டி நாற்காலிகள், அன்பான பெண்கள். நாலு பக்க விண்ணப்பத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். உங்கள் குழந்தை பகலில் எப்போது தூங்கும், எதை வேண்டாம் என்னும், தனியாக இருந்தால் என்ன செய்யும் என்று கேள்விகள். குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து எழுதினேன். இரண்டாவது பக்கத்தில் பேனா நின்றது. நான் எழுதிய பாதி பதில் உங்கள் கடிதத்தில் இருந்தது. நான் பெற்ற பிள்ளையின் பகல் பொழுதை உங்களைப் படித்துத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்! முதலில் வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு யோசித்தேன். வாரத்துக்கு மூன்று செட்டை ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, ஒரு குழந்தையின் காதுச் சூடுவரை ஒரு மனிதர் கற்றுவைத்திருக்கிறார். அவரைவிட்டுவிட்டுப் புதிதாக யாருக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்?

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் அடுத்த பெயர் எங்கள் கணக்குப் பிரிவுப் பெண்ணுடையது. பத்து மாதக் குழந்தை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, தினமும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டதும் என் மேசைக்கு ஓடிவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று காலை வக்கீலிடம் போய் மனுவை மாற்றி எழுதச் சொன்னேன். திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் சுண்டு அப்பாவிடம் இருப்பாள். தற்காலிகம் என்ற சொல்லை அடிக்கச் சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

நான் உங்களிடம் திரும்பி வருவதாக எண்ண வேண்டாம். அது வேறு கணக்கு, அதை நான் இன்னும் திறக்கவில்லை.

ஆனால் மனுவில் ஒரு இடத்தை வக்கீல் காலியாக விட்டிருக்கிறார், உங்களைக் கேட்டு நிரப்ப வேண்டும். வார நாட்களில் இனி அவள் கண் விழித்திருக்கும்போது நான் பார்ப்பது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமையைச் சேர்த்தாலும் எனக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது, தெரியும். அதை எனக்குத் தருவீர்களா?

இனி உங்கள் பதிலுக்காக நான் காத்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இப்படித்தான் இருந்ததா உங்களுக்கு?

சுண்டுவின் அம்மா