ஏன் திறக்கவில்லை

டிசம்பர் 3

கியோட்டோவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தக் குளிர் பழகவில்லை. ஆய்வகத்தில் ஹீட்டர் ஓடுகிறது, கால் மட்டும் சில்லிட்டுக் கிடக்கிறது.

என் கட்டுரையைப் பார்த்துத் தாங்களே வளர்த்த படிகம் திறக்கவில்லை என்று ஒசாகா குழு சொல்லிவிட்டது.

உலோக முடிச்சுகளைக் கரிமக் கம்பிகளால் கோத்த கூடு அது. உள்ளிருக்கும் திரவத்தை வெளியேற்றினால் மடக்கிய குடை போல மூடிக்கொள்ளும். கரியமில வாயுவைச் செலுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சட்டென்று திறந்து வாயுவை வாரி விழுங்கும். வரைபடத்தில் தரையோடு போகிற கோடு செங்குத்தாக எழும். அந்த எழுச்சிதான் போன வருடத்துக் கட்டுரை. அதை வைத்துத்தான் ஏப்ரலில் வேலையை நீட்டிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பேராசிரியர் இசோகாய் மறு அளவீட்டை எங்கள் ஆய்வகத்து நம்புவிடம் கொடுத்துவிட்டார். நான் கருவியைத் தொடக்கூடாது. "நீங்களே பண்ணினா பாக்கறவங்க தப்பா நினைப்பாங்க, எஜிரி-சான்." எழிலி இங்கே யார் வாயிலும் நுழையாது. எஜிரி ஆகிவிட்டது; சான் என்பது மரியாதைக்கு.

நம்பு என்பது ஜப்பானியக் குடும்பப் பெயர்தான். உஜியில் பச்சைத் தேயிலையைக் கல்லில் அரைத்து விற்கிற குடும்பம். "என் பேருக்கு உங்க மொழியில ஏதாவது அர்த்தம் உண்டா?" என்று இன்றைக்குக் கேட்டார். "ஒண்ணுமில்லியே" என்றேன். நாள் முழுக்க 'நம்பு, நம்பு' என்று கெஞ்சிக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

டிசம்பர் 11

கோடு தரையோடு போயிற்று. கடைசிவரை.

டிசம்பர் 12

நம்பு வந்து வரைபடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றார். "மன்னிச்சுக்கங்க. திரும்பவும் ஓட்டிப் பாத்தேன். அப்படியேதான்."

"நீங்க என்ன பண்ணுவீங்க? விடுங்க."

எப்படித் தயார் செய்தீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவர் வேலையைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும். இங்கே அப்படிக் கேட்பதில்லை. அவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் வேலை தெரியாதவர் என்றாகும். ஒருவருக்கொருவர் தலை குனிந்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போனோம்.

டிசம்பர் 19

பேராசிரியர் அறை. டீ கொடுத்தார். "போன வருஷத்துக் கோடு ரொம்ப அழகா இருந்துச்சே, எஜிரி-சான்."

இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் 'உங்க பொண்ணு பியானோ நல்லா வாசிக்கிறா' என்றால் சத்தம் தாங்க முடியவில்லை என்று பொருள். கோடு அழகு என்றால், நான் கையால் வரைந்த கோடு.

நானா வரைஞ்சேன்? என் கண்ணால பாத்தேனே! பாத்தேன்தானே?

டிசம்பர் 26

புதிதாகப் படிகம் வளர்த்துக் கொடுத்தேன். பச்சைப் பசேலென்று ஊசி ஊசியாக. குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, "என்னங்க, நகைக்கடை மாதிரி மின்னுது!" என்றார் நம்பு. இவர் பாராட்டினால் அது பாராட்டுதான். கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ஜனவரி 8

மறுபடியும் தரை.

ஜனவரி 10

கருவியில் கசிவு இருந்திருக்குமோ? வால்வைச் சரியாக மூடாமல் விட்டேனோ? பழைய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அது பொய் போலத்தான் தெரிகிறது. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா நாமதானே தப்பு?

அம்மா போனில், "என்னடி, குரலே சரியில்ல?" என்றாள். சளி என்றேன்.

ஜனவரி 22

கட்டுரையைத் திரும்பப் பெறச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். காரணம்: மீண்டும் செய்துகாட்ட இயலவில்லை.

ஏப்ரல் பற்றிக் கேட்டேன். பேராசிரியர் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். "கொஞ்சம் கஷ்டமா இருக்கே..." இங்கே கொஞ்சம் கஷ்டம் என்றால் முடியவே முடியாது.

பிப்ரவரி 16

சாப்பிடப் பிடிக்கவில்லை. எழுதவும்.

மார்ச் 18

கல்வியாண்டுக் கடைசித் துப்புரவு. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லாரும் அலமாரிகளைத் துடைத்தோம். நம்பு ஒரு குப்பியைக் கொண்டுவந்தார். "இது உங்களோட மீதி. கொட்ட மனசு வரல."

உள்ளே பச்சை மாவு.

"அரைச்சீங்களா?" வாயை விட்டு வந்துவிட்டது. போகிறவளுக்கு இனி என்ன மரியாதை.

முகம் மலர்ந்து சொன்னார்: "ஆமாங்க! மத்தவங்களோடதுன்னா நாலு இடி இடிச்சுப் போட்டுடுவேன். இது உங்களோடதாச்சே, உங்க வேலையே இதுல இருக்கு. எங்க வீட்ல தேயிலை அரைக்கிற மாதிரி, விரல்ல ஒட்டுற வரைக்கும் அரைச்சேன்."

முழுப் படிகமாக இருந்தால்தான் ஒரு கதவு திறந்து அடுத்ததையும் இழுத்துத் திறக்கும். மாவாக்கிவிட்டால் அந்த இழுப்பு போய்விடும். படிகம் வளர்க்கிறவர்களுக்குப் பழகின சங்கதி, அளக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அரைக்கக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒசாகாக்காரர்களும் அவசரமாகக் கலக்கிப் பொடிமணியாக வளர்த்திருப்பார்கள். அவர்களையும் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

அக்கறையாம் அக்கறை! கொஞ்சம் சோம்பேறியா இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா மனுஷன்? நானாவது வாயத் திறந்திருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

மார்ச் 20

என்னிடம் மிச்சமிருந்த அரைக்காத படிகத்தை நம்பு கருவியில் ஏற்றினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன்.

தரை. தரை. தரை.

எழுந்தது.

நம்பு மேசையில் நெற்றி படக் குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, "உங்க பேருக்கு அர்த்தம் கேட்டீங்களே" என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன். ஒரு தாளில் தமிழில் எழுதியும் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 25

"ரொம்ப நல்ல விஷயம்" என்றார் பேராசிரியர். திரும்பப் பெற்றது திரும்பப் பெற்றதுதானாம். புதுக் கட்டுரையை நம்பு எழுதட்டுமாம். என் இடத்துக்கு ஏப்ரலில் வேறு ஆள் வருகிறார். "உங்களுக்கு எங்க போனாலும் நல்லா இருக்கும், எஜிரி-சான்." அதற்கு என்ன பொருள் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 16, கோயம்புத்தூர்

கல்லூரியில் நேர்முகம். "கட்டுரைய ஏம்மா வாபஸ் வாங்குனீங்க?"

"சாம்பிளை அரைச்சுட்டாங்க சார், அதனால..."

"அரைச்சுட்டாங்களா? என்ன, சட்னியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். "சரிம்மா, சொல்லி அனுப்பறோம்." இதற்குப் பொருள் சொல்ல கியோட்டோவில் இருந்திருக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் வரும்போது நம்புவிடமிருந்து செய்தி. புதுக் கட்டுரையில் முதல் பெயராக என் பெயரைப் போட்டிருக்கிறார். பேராசிரியர் கொஞ்சம் கஷ்டம் என்றாராம். "'ஏன்?'னு கேட்டேங்க. அந்த ரூம்ல நான் அந்த வார்த்தைய சொன்னதே இல்ல. அவர் பதில் சொல்லல. நாளைக்கும் போய்க் கேப்பேன்."

கீழே ஒரு படம். தாளில் அவர் கையால் எழுதிய தமிழ், கோணல் மாணலாக: நமபு.

பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறாரா, என்னை நம்பச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாரா, தெரியவில்லை. நிறுத்தம் தாண்டியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று' என்று பதில் அனுப்பினேன்.